ரூபாய் நோட்டு எண்ணில் இடம் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து ரூபாய் நோட்டு ஒன்றில், முன்னால் உள்ள எண்ணும் எழுத்தும் போக, 152446 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மூன்று இலக்கங்களை எங்கள் பகுதியின் அட்சரேகையான 9-க்குப் பின்னும், அடுத்த மூன்றைத் தீர்க்கரேகையான 79-க்குப் பின்னும் தசமமாகச் சேர்த்தால் 9.152 டிகிரி வடக்கு, 79.446 டிகிரி கிழக்கு. கைபேசி வரைபடத்தில் தட்டிப் பாருங்கள், தனுஷ்கோடி அரிச்சல்முனையில் போய் நிற்கும். மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு நான் விளையாடும் விளையாட்டு இதுதான். செலவு கிடையாது, சில்லறை வாங்கினால் போதும்.

நோட்டுக்குள் யாரும் இடத்தை ஒளித்து வைக்கவில்லை. எண்ணை இடமாக மாற்றுவது நாம் வகுக்கும் விதி. அதனால் பெரிய தவறு, எண்ணைப் பார்த்த பிறகு விதியை வகுப்பது. தொடக்கத்தில் நானும் அதைத்தான் செய்தேன். நேராகப் படித்தால் கடலில் விழுகிறதா, திருப்பிப் படி. அதுவும் சரிவரவில்லையா, ஓர் இலக்கத்தை விட்டுவிடு. இப்படி வளைத்தால் எந்த நோட்டும் ராமநாதசுவாமி கோயில் வாசலுக்கு வந்துவிடும். அப்படிக் கண்ட இடங்களை எழுதிவைத்த குறிப்பேட்டின் முதல் பதினொரு பக்கங்களையும் கிழித்துப் போட்டேன். இப்போது அட்டையின் உட்பக்கத்தில் விதி எழுதப்பட்டிருக்கிறது; நோட்டு கைக்கு வருவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது.

வளைக்கத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. 9-க்கும் 10-க்கும், 79-க்கும் 80-க்கும் இடைப்பட்ட கட்டத்தின் பரப்பு சுமார் 12,000 சதுர கிலோமீட்டர். ராமேசுவரம் தீவு அதில் ஒரு துணுக்கு. ஏறக்குறைய இருநூறு நோட்டுக்கு ஒன்றுதான் தீவின் மண்ணில் விழும். மீதியில் பெரும்பகுதி கடல். நிலம் வேண்டும் என்பவர்கள் தீர்க்கரேகையை 78 என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் ராமநாதபுரம், கீழக்கரை, பரமக்குடி, மதுரை எல்லாம் வந்துவிடும். எந்தக் கட்டம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நோட்டுக்கு நோட்டு மாற்றாதீர்கள்.

அடுத்தது பூஜ்யம். 091725 என்ற எண் 9.091, 79.725 ஆகும், அது தலைமன்னார்ப் பக்கம். கணினி அட்டவணையில் இதைப் பதிந்தால், முன்னால் உள்ள பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். 091 என்பது 91 ஆகி, 9.91 என்று படிக்கப்பட்டு, புள்ளி 90 கிலோமீட்டர் வடக்கே ஓடிவிடும். அட்டவணையில் அந்தப் பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக மாற்றிவிட்டுப் பதியுங்கள். அட்சரேகை முன், தீர்க்கரேகை பின் என்ற வரிசையும் பிறழக்கூடாது. அரிச்சல்முனை எண்ணின் இரண்டு பாதிகளை இடம் மாற்றினால் பாக் விரிகுடாவுக்குள் போய் நிற்பீர்கள்.

நிமிடத்தையும் தசமத்தையும் குழப்புவது நம் கரையில் மிகச் சாதாரணம், ஏனென்றால் படகுகளில் உள்ள ஜி.பி.எஸ். பெரும்பாலும் டிகிரி, நிமிடக் கணக்கில் காட்டும். 1974-இல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்தபோது குறித்த ஆறாவது புள்ளி, 9 டிகிரி 6 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 32 நிமிடம் கிழக்கு. இதை 9.06, 79.32 என்று தட்டினால் உண்மையான இடத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். தசமத்தை 60-ஆல் பெருக்கினால் நிமிடம் கிடைக்கும். அரிச்சல்முனையின் .446 என்பது 26.76 நிமிடம். படகுக்காரரிடம் கேட்கப் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்.

எண்ணைத் தவறாகப் படிப்பதும் உண்டு. புதிய வரிசை நோட்டுகளில் இலக்கங்கள் சிறிதிலிருந்து பெரிதாக வளர்ந்துகொண்டே போகும். மீன் ஏலத்தில் கைமாறி ஈரத்தில் ஊறிய நோட்டில் தொடக்கத்துச் சின்ன இலக்கங்கள்தான் முதலில் மங்கும். 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியும். அந்த இலக்கமே அட்சரேகையின் முதல் தசமம் என்பதால் பிழை பத்துப் பத்துக் கிலோமீட்டராகப் பெருகும். அதே எண் மேலே இடப்புறமும் கீழே வலப்புறமும் அச்சாகியிருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முன்னெழுத்தில் ஊரைத் தேட வேண்டாம். அமெரிக்க டாலரில் ஓர் எழுத்து, அதை வெளியிட்டது எந்த ஊர் ஃபெடரல் ரிசர்வ் வங்கி என்று சொல்லும். நம் நோட்டின் முன்னெழுத்து அச்சு வரிசைக்கானது. கண்டுபிடித்த இடத்தை நோட்டின் மேலேயே எழுதிவைக்கவும் வேண்டாம். எழுதாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டே இருக்கிறது. குறிப்பேடு எதற்கு இருக்கிறது?

புள்ளி காட்டிய இடத்துக்கெல்லாம் கிளம்பிவிடுவது ஆபத்தான தவறு. 383517 என்ற எண் கச்சத்தீவை ஒட்டி விழும். அது எல்லைக்கு அப்பால். முயல் தீவு, மனோலித் தீவு போன்றவை 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. உப்பளமோ யாருடைய தென்னந்தோப்போ வந்தால், உரியவரைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

எனக்கு மனம் பொறுக்காத தவறு ஒன்று உண்டு. புள்ளி கடலில் விழுந்துவிட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி நோட்டைச் செலவழித்துவிடுகிறார்கள். ஒருமுறை எனக்கு வடகடலில், மண்டபத்துக்கு நேர் வடக்கே ஒரு புள்ளி வந்தது. வரைபடத்தில் வெறும் நீலம். பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் நிமிடக் கணக்கில் சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். அங்கே ஐந்து பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழம், அடியில் சேறு, நண்டுவலை போடும் இடம், கொஞ்சம் தெற்கே வந்தால் பாசித் தரை, அங்கே வலை சிக்கும் என்றார். குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேரே இப்போது இப்படி இருக்கிறது: ‘ஐந்து பாகம். சேறு. நண்டு. தெற்கே பாசி.’