பழைய மீன் டாங்க் வாங்கினா, கழுவ முதல் தண்ணி விட்டுப் பாருங்க

நம்ம மட்டக்களப்புப் பக்கம் ஆராவது வெளிநாடு போனா, இல்ல வீடு மாறினா விக்கப் போடுற சாமான்ல மீன் டாங்கும் ஒண்டு, ஸ்டாண்ட் லைட் எயர் பம்ப் எல்லாம் சேத்தே குறைஞ்ச விலைக்குத் தருவாங்க. வாங்குங்க, நல்லதுதான். ஆனா கொண்டு வந்த அண்டைக்கே கழுவி மீன் விடுற வேலை மட்டும் வேணாம்.

விக்கிறவர் "லீக் ஒண்டும் இல்ல தம்பி" எண்டுதான் சொல்லுவார், அவர் பொய் சொல்றார் எண்டு இல்ல, கனகாலம் காஞ்சு கிடந்த டாங்க்ல ஒட்டு எங்க விட்டிருக்கு எண்டு அவருக்கே தெரியாது. அதால மட்டமான தரைல ரெஜிபோம் (தெர்மோகோல்) ஷீட் ஒண்டப் போட்டு, மேல பழைய பேப்பர் விரிச்சு, அதுல டாங்க வச்சு முதல்ல பாதி தண்ணி, கொஞ்ச நேரம் பாத்துட்டு மிச்சத்தையும் விடுங்க, வெளிப்பக்கத்த வடிவாத் துடைச்சுட்டு ரெண்டு நாள் அப்பிடியே விடுங்க. பேப்பர் நனைஞ்சா எந்த மூலை எண்டு தெரிஞ்சிரும். தண்ணியோட டாங்க தூக்கவே கூடாது, 2 அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் எண்டாலே 56 லீட்டர் பிடிக்கும், அதாவது தண்ணி மட்டுமே 56 கிலோ. செக் பண்ணி முடிஞ்சா தண்ணிய ஊத்திருங்க, முத்தத்துல அப்பிடியே விட்டா நுளம்புக் குடம்பி வரும், டெங்கு சீசன்ல பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிண்டா பதில் சொல்ல ஏலாது.

லீக் இருந்தா மேலால சிலிக்கன் பூசி மறைக்காதிங்க, காஞ்ச பழைய சிலிக்கன்ல புதுசு பிடிக்காது. உள்பக்கத்துப் பழசை பிளேட்டால சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால துடைச்சு, பூஞ்சண மருந்து கலக்காத சிலிக்கன அடிச்சு, வினாகிரி மணம் முழுசாப் போகும் வரைக்கும் ரெண்டு மூண்டு நாள் காய விடுங்க. கண்ணாடிலயே வெடிப்பு எண்டா காச வாங்கிட்டு டாங்கத் திருப்பிக் குடுக்குறதுதான் புத்தி.

இப்பதான் கழுவுறது. சவர்க்காரம், சன்லைட், பாத்திரம் கழுவுற லிக்விட் ஒண்டும் வேணாம், அது மீன்ட செவுளுக்குக் கூடாது. கண்ணாடில வெள்ளையாப் படிஞ்சிருக்கிறது சுண்ணாம்பு, வினாகிரில நனைச்ச துணிய அரை மணித்தியாலம் ஒட்டி வச்சா இளகிரும். முதல் இருந்த மீன் வருத்தத்துல செத்ததா இருந்தா, வினாகிரிய நல்லாக் கழுவிட்டு வேற நாளைக்கு, மணம் சேக்காத ப்ளீச் ஒரு பங்குக்கு 20 பங்கு தண்ணி கலந்து கால் மணித்தியாலம் விட்டுக் கழுவி வெயில்ல காய வையுங்க. வினாகிரியையும் ப்ளீச்சையும் ஒண்டாக் கலந்திராதிங்க, விஷ வாயு வரும். பழைய ஃபில்டர்ட ஸ்பொஞ்ச தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசு போடுங்க, பெரிய காசு இல்ல.

வெயில் நேரா விழாத இடத்துல, சிமெந்துத் தரைல ஸ்டாண்ட வையுங்க, ஜன்னலோரம் வச்சா ஒரு கிழமைல பச்சைத் தண்ணிதான். கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற காலத்துல தண்ணி சுடும், அதால இங்க ஹீட்டருக்குக் காசு செலவழிக்காதிங்க, மூடிய கொஞ்சம் திறந்து விட்டா காணும். எயர் பம்ப் தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கட்டும், இல்லாட்டி கரண்ட் போனா தண்ணி குழாயால திரும்பி பம்புக்குள்ள போயிரும்.

மணல் எண்டா ஆத்து மணல், கலங்கல் போகும் வரைக்கும் வாளில அலசிப் போடுங்க. கல்லடி, பாசிக்குடா எண்டு கடற்கரை மணல் அள்ளிட்டு வராதிங்க, உப்பும் சிப்பித் தூளும் தண்ணிய மாத்திரும். தண்ணிதான் நம்ம ஊர்ல பெரிய விஷயம். உன்னிச்சைக் குளத்துல இருந்து வாற பைப் தண்ணி எண்டா குளோரின் இருக்கும், வாளில திறந்து எயர் ஸ்டோன் (எயர் பம்ப் குழாய்ல பூட்டுற குமிழிக் கல்லு) போட்டு ஒரு நாள் விடுங்க, இல்லாட்டி மீன் கடைல அன்டி குளோரின் வாங்கி விடுங்க. கடலுக்கும் வாவிக்கும் நடுவுல இருக்கிற கிணறு எண்டா குடிச்சுப் பாருங்க, லேசா உவர்ப்பு இருந்தா கப்பி, மொலி மாதிரி மீன் தாங்கும், டெட்ரா மீனுக்கு எல்லாம் ஆசைப்படாதிங்க.

எல்லாம் பூட்டி ஃபில்டர் ஓடினாலும் டாங்க் ரெடி இல்ல. மீன்ட கழிவால அமோனியா வரும், அத நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குற பக்டீரியா ஸ்பொஞ்ச்ல வளரோணும், அதுக்கு 4 இருந்து 6 கிழமை எடுக்கும். மீன் இல்லாம தினமும் ஒரு துளி மீன் சாப்பாடு போட்டு ஓட விடுங்க. அவசரம் எண்டா மீன் வளக்கிற கூட்டாளிட டாங்க்ல ஓடிட்டிருந்த ஸ்பொஞ்ச்ல ஒரு துண்டு கேளுங்க, அவர்ட மீனுக்கு வருத்தம் இல்ல எண்டா மட்டும். பிறகு நாலைஞ்சு கப்பி காணும். மீன் வாங்கிட்டு வந்த பொலித்தீன் பைய அரை மணித்தியாலம் டாங்க்ல மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா டாங்க் தண்ணிய உள்ள ஊத்தி, வலையால மீன மட்டும் எடுத்து விடுங்க, கடைத் தண்ணிய வெளிய ஊத்திருங்க. அடுத்த மீன் ரெண்டு கிழமைக்குப் பிறகு.