விழுந்து கிடக்கும் மரம் அடுப்புக்கு ஆகுமா?

பட்டுக்கோட்டைப் பக்கம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். சாம்பார், பொரியலுக்கு கேஸ் போதும், பிரியாணிக்கு விறகுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததிலிருந்து, “அண்ணே, ஒரு மரம் சாஞ்சு கிடக்கு, என்ன மரம்னு தெரியல, வேணுமா?” என்று மழைக்காலத்தில் போன் வருவது வழக்கமாகிவிட்டது. போட்டோ அனுப்புவார்கள். போட்டோவில் மரம் தெரியும், விறகு தெரியாது. அரிவாளோடு நேரில் போகணும்.

மரம் கிடக்கிற இடத்தை முதலில் பாருங்கள். ரோட்டோரம், குளத்தங்கரை, புறம்போக்கு என்றால் அது அரசாங்க மரம். விழுந்துவிட்டது என்பதற்காக நமதாகிவிடாது. கரண்ட் கம்பி மேல் கிடந்தால் மின்வாரிய ஆட்கள் வருகிறவரை கிட்டவே போகாதீர்கள். சந்தனமாக இருந்தால் பட்டா நிலமே ஆனாலும் வனத்துறைக்குச் சொல்லாமல் கை வைக்கக்கூடாது.

இலை கொட்டியிருந்தால் நெற்றை, அதாவது காய்ந்து முற்றிய காயை, தேடுங்கள். கருவேல நெற்று மணி கோத்ததுபோல இடைக்கிடை இறுகியிருக்கும். சீமைக்கருவேல நெற்றில் அந்த இறுக்கம் இருக்காது, மஞ்சளாக நீண்டிருக்கும். தட்டையாக, காற்றடித்தால் கலகலவென்றால் வாகை. கறுத்துப் பிசுபிசுவென்று மாடு தேடித் தின்பது தூங்குமூஞ்சி.

நெற்றும் இல்லையா? அடிமரத்தில் ஆழமாக ஒரு கொத்து. உள்ளே மஞ்சள் என்றால் நுணா. சாக்லேட் நிறம் பூவரசு. செம்பழுப்பாக, நாக்கில் வைத்தால் கசந்தால் வேம்பு. (தெரியாத மரத்தையெல்லாம் நக்கிப் பார்க்காதீர்கள், வேம்பு என்று இலை சொன்ன பிறகுதான்.) வைரமே (நடுவில் இறுகிய கட்டை) இல்லாமல் வெட்டு பஞ்சாக இறங்கினால் முருங்கை, இலவம், ஒதியன் எதுவானாலும் ஒன்றுதான்: ஒரு வண்டி எரித்தாலும் அண்டா கொதிக்காது. ஒதி பெருத்தாலும் உத்தரமாகாது என்பார்கள், அடுப்புக்கும் ஆகாது.

பால் வடிந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஆல், அத்தியாக இருந்தால் ஆபத்தில்லை, லேசான விறகு, அவ்வளவே. ஆனால் மஞ்சள் அரளிக்கும் பால் உண்டு. அரளி வகை எதுவும் சமையல் அடுப்புக்கு வேண்டாம், புகையும் கெடுதல். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் என்றால் தில்லையாகவும் இருக்கலாம். அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். என்ன மரம் என்று கடைசிவரை பிடிபடவில்லை என்றால் நான் வாங்குவதில்லை.

இனி விலை. காய்ந்த விறகாக இருந்தால் கிலோவுக்குக் கிலோ எந்த மரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான் தரும். அடர்த்தியில்தான் வித்தியாசம். அதனால் வண்டிக் கணக்கில் வாங்கினால் மரம் எது என்று பாருங்கள். எடை போட்டு வாங்கினால் ஈரம் எவ்வளவு என்று பாருங்கள். பச்சை மரத்தில் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். தூங்குமூஞ்சியைப் பச்சையாக எடைமேடையில் ஏற்றுகிறவரிடம் நீங்கள் வாங்குவதில் பாதிவரை தண்ணீர். சவுக்கு மட்டும் கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் எரியும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை மோதுங்கள். ‘டண்’ என்று கணீரென்றால் சரி, ‘தொப்’ என்றால் ஈரம். வெட்டுமுனையில் வெடிப்பு ஓடியிருக்கணும், பட்டை தானாகக் கழன்று வரணும். சந்தேகம் இருந்தால் ஒரு கட்டையைப் பிளந்து தராசில் நிறுத்துக் குறித்துவைத்து, தகரக் கூரைமேல் காயப்போட்டு வாரம் ஒருமுறை நிறுங்கள். எடை குறைவது நின்றதும் எவ்வளவு தண்ணீர் காய்ந்து போனது என்று கணக்கே சொல்லிவிடும்.

தம் போட எனக்குப் புளியும் கருவேலும்தான். தணல் நின்று எரியும். புளியைப் பிளக்க மட்டும் கோடாலிக்காரர் கூலி கூடக் கேட்பார், அது நியாயம்தான். பூவரசோ வாகையோ வேம்போ நேரான பருத்த அடிமரமாகக் கிடந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள், ஆசாரியைக் கூப்பிடுங்கள். அவர் கழித்துப்போடும் கிளைகளை நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.