அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்கு மசாஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மசாஜ் சிகிச்சை கற்றுக்கொள்ளும் புதியவர்களை மேற்பார்வையிடுவது என் வேலையில் ஒரு பகுதி. கழுத்தும் தோளும் தாடையும் இறுகி, மாதக்கணக்கில் வலியோடு வருபவர்களில் கணிசமானோர் விபத்து, போர், சித்திரவதை, வீட்டு வன்முறை, சிறு வயதுக் கொடுமை என்று ஏதோ ஒன்றைத் தாண்டி வந்தவர்கள். அவர்கள் மேசையில் படுத்ததும் புதியவர்கள் என்னென்ன தவறு செய்வார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். ஆரம்ப காலத்தில் நானும் செய்தவைதான் அவை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாததால் எழுதுகிறேன்.

கை கழுவுவது, நகம் வெட்டுவது, கைபேசியை அணைப்பது, போர்வையைச் சரியாகப் போர்த்துவது போன்றவற்றை எந்தப் பயிற்சியும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மசாஜ் பிடிஎஸ்டிக்கு, அதாவது அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலக் கோளாறுக்கு, சிகிச்சை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதற்குப் பரிந்துரைப்பவை அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்ற பேச்சு சிகிச்சையும், கண் அசைவுகளோடு நினைவுகளைக் கையாளும் இஎம்டிஆர் முறையும். நம் கையால் ஆகக்கூடியது வேறு. இறுகிய தசையின் வலியைக் கொஞ்சம் குறைக்கலாம்; இன்னொருவர் கை மேலே படுவது ஆபத்தில்லாத விஷயம் என்று அந்த உடல் மறுபடி அறிய ஒரு வாய்ப்பைத் தரலாம். இதுவே பெரிய வேலை. இதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நடந்ததைக் கேட்பது

படிவத்தில் ‘அதிர்ச்சி’ என்று ஒரு சொல்லைப் பார்த்ததும் சிலருக்கு அக்கறை பொங்கிவிடுகிறது. "என்ன நடந்துச்சு, சொல்லுங்க, மனசு லேசாகும்" என்று தொடங்கிவிடுவார்கள். பாதி உடையோடு, பழக்கமில்லாத அறையில், அதைத் திறந்துவிட்டால் மூடித்தர உங்களுக்குப் பயிற்சி இல்லை.

உங்களுக்குத் தேவையான தகவல் மிகக் குறைவு. எங்கே தொட வேண்டாம், எப்படிப் படுத்தால் சிரமம், கதவு எப்படி இருக்க வேண்டும், எந்த வாசனை ஒத்துக்கொள்ளாது. எண்ணெயின் மணமே போதும், சிலரைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக.

உடல் சார்ந்த கேள்விகளை மட்டும் தவறவிடாதீர்கள். கழுத்து நெரிக்கப்பட்டவருக்கு ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அறிகுறி நாட்கள், வாரங்கள் கழித்துத் தெரியலாம். மருத்துவர் பார்க்காமல் அந்தக் கழுத்தில் கை வைக்கக் கூடாது. கைகளைக் கட்டித் தொங்கவிடப்பட்டவர்களுக்குத் தோளிலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் சேதமாகியிருக்கலாம். உள்ளங்காலில் அடிக்கும் சித்திரவதை உலகின் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பாதத்தில் தொடங்கினால் பாதுகாப்பு என்று பாடத்தில் படித்ததை அவர்களிடம் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கெல்லாம் கதை தேவையில்லை. "கழுத்து, தோள், பாதம், இதுல எங்கயாவது முன்னாடி அடிபட்டிருக்கா? ஆமா, இல்லன்னு மட்டும் சொன்னா போதும்." இந்த ஒரு கேள்வி போதும்.

இறுக்கத்தோடு சண்டை போடுவது

தோள்மேட்டில் ட்ரபீசியஸ் தசை விறைத்திருக்கிறது. விரல் அங்கே போனதும் முழங்கையை ஊன்றி அதை உடைத்துவிட வேண்டும் என்று புதியவருக்கு வேகம் வருகிறது. அந்தத் தசையில் பெரும்பாலும் கோளாறு ஒன்றும் இருக்காது. ஆபத்து இன்னும் போகவில்லை என்று நரம்பு மண்டலம் கணித்திருக்கிறது. அதன் கட்டளைப்படி தோள் காதை நோக்கி ஏறுகிறது, பல் கடித்து மாசெட்டர் என்ற தாடைத் தசை தடிக்கிறது, மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு தசைகள் தலையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. காவலுக்கு நிற்கும் தசையை வலிக்க அழுத்தினால் காவல் இன்னும் பலப்படும். அன்று மாலை லேசாக இருந்ததாகச் சொல்வார்; மறுநாள் தலைவலியோடும் தூங்காத கண்ணோடும் இருப்பார். மிதமிஞ்சிய அழுத்தத்தால் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆனாலும் உண்டு.

அதற்காக எல்லோருக்கும் மெல்ல வருடினால் போதும் என்று எதிர்ப்பக்கம் சாயாதீர்கள். ரோமம் உள்ள தோலில் சி-டாக்டைல் என்ற நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையான மெதுவான வருடலுக்கு அவை நன்றாகத் தூண்டப்படும், பலருக்கு அது இதமாகவும் இருக்கும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அதே வருடல்தான் தாங்க முடியாததாக இருக்கக்கூடும். அவர்களில் பலர் துணிக்கு மேல் அசையாமல் வைத்த, திடமான, அகன்ற உள்ளங்கையை விரும்புவதைப் பார்த்திருக்கிறேன். எது இதம் என்று பாடம் முடிவு செய்ய முடியாது, படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

அசையாமல் கிடந்தால் தளர்ந்துவிட்டார் என்று எண்ணுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இந்தத் தவறின் மேல்தான். மற்றவற்றை அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். இது நடந்தால் வந்தவர் பெரும்பாலும் திரும்பி வரமாட்டார். ஏன் வரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. வேறொரு சிகிச்சையாளரிடமும் அவர் போகாமலிருக்கலாம். மருத்துவப் பரிசோதனைக்குக்கூடத் தயங்கத் தொடங்கலாம்.

பயிற்சி மாணவி ஒருவர், வீட்டில் நீண்ட காலம் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு முதுகில் மசாஜ் செய்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு நான் அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மாணவியின் கை வேலை சுத்தமாக இருந்தது, வேகமும் சரி. நடுவில் என்னைப் பார்த்து, நன்றாகப் போகிறது என்பதுபோல் தலையசைத்தார். அந்தப் பெண் அசையவே இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் பார்த்தது கால் விரல்களை. போர்வைக்கு வெளியே தெரிந்த அந்த விரல்கள் உள்ளே மடங்கி வெளுத்திருந்தன. மூச்சு வயிற்றுக்கு வராமல் மேல் நெஞ்சிலேயே நின்று நின்று போனது. மாணவி அவருடைய கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தபோது அந்தக் கை கனமாக விழவில்லை. தானே மிதந்து, வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. நான் எழுந்து, அவர் பெயரைச் சொல்லி, இப்போது நிறுத்துகிறோம் என்றேன்.

எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னது இவ்வளவுதான். "எப்ப முடியும்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். வேணாம்னு சொல்ல வாய் வரல."

மாணவி கலங்கிப்போனார். பிறகு என்னிடம், "மேடம், நான் ரெண்டு தடவ கேட்டேனே, ஓகேன்னுதானே சொன்னாங்க" என்றார். கேட்டது உண்மைதான். கேட்ட விதம்தான் தவறு. ஆபத்தில் எதிர்த்து நிற்கவோ ஓடவோ வழியில்லாதவருடைய உடல் உறைந்துபோகிறது. வருடக்கணக்கில் அப்படி வாழ்ந்தவருக்கு ‘சரி’ சொல்வது உயிர் தப்பிய வழி. அவரிடம் போய் "அழுத்தம் ஓகேவா?" என்று கேட்டால் ஓகே என்றுதான் பதில் வரும். எலும்பில் இடித்தாலும் அதுதான் வரும். அந்தப் பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தொடர்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கேட்க வேண்டியது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. "அழுத்தத்தைக் குறைக்கட்டுமா, இப்படியே வைக்கட்டுமா?" "அடுத்து கைக்குப் போகட்டுமா, இத்தோட நிறுத்தலாமா?" பதில் சொல்ல அவர் தனக்குள் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பதில் வரத் தாமதமானாலோ, எதைக் கேட்டாலும் ஒரே குரலில் ‘ம்’ என்று வந்தாலோ, வேண்டாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தச் சொல்வதையும் முன்கூட்டியே பழக்க வேண்டும். ‘எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம்’ என்று வாயால் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது வெறும் சடங்கு. அவர் உட்கார்ந்திருக்கும்போதே, முழு உடையில், முன்கையில் உங்கள் கையை வையுங்கள். "இப்ப நிறுத்துங்கன்னு சொல்லுங்க, இல்ல கையைத் தூக்குங்க" என்று கேளுங்கள். அவர் சொன்ன நொடியில் உங்கள் கை விலக வேண்டும். இன்னொரு முறை செய்யுங்கள். சிலருக்கு அந்த இரண்டாம் முறையில் முகமே மாறும், ஏனென்றால் சொன்னதும் ஒரு கை விலகியதை அவர்கள் அதிகம் கண்டதில்லை.

தளர்வை எப்படி அறிவது? உண்மையில் தளர்கிறவர் அசைவார். தலையணையை நகர்த்துவார், எச்சில் விழுங்குவார், பெருமூச்சு விடுவார், மூக்கைச் சொறிவார். வயிற்றில் சத்தம் கேட்கும். வெளிமூச்சு நீளும். "இன்னும் கொஞ்சம் கீழ" என்று உங்களைத் திருத்துவார். அப்படித் திருத்துகிறவர் தன் உடலுக்குள் இருக்கிறார் என்று நம்பலாம். உறைந்தவரிடம் இவை எதுவும் இருக்காது. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், அல்லது மூடிய இமை துடிக்கும். உள்ளங்கை வியர்த்துச் சில்லிட்டிருக்கும். சிலர் விறைக்காமல் துணி போல முழுதாகத் துவண்டும் போவார்கள். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான்.

அப்படிக் கண்டால் கையை வெடுக்கென்று எடுக்காதீர்கள். "நான் கையை எடுக்கறேன்" என்று சொல்லி எடுங்கள். அவர் பார்வைக்குத் தெரியும் இடத்துக்கு வந்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணைத் திறக்க, தரையில் பாதம் ஊன்ற, அறையில் தெரியும் பொருள்களைச் சொல்ல உதவுங்கள். கட்டிப்பிடித்துத் தேற்றக் கூடாது. ‘ரிலாக்ஸ் பண்ணுங்க’ என்று சொல்லக் கூடாது. மசாஜ் அன்று முடிந்தது. பாதியில் விட்டோமே என்று மீண்டும் படுக்கச் சொல்லாதீர்கள். அவர் தெளிவாகப் பேசும்வரை வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள்.

நான் சொன்ன பெண் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, முழு உடையில், கையும் முன்கையும் மட்டும். 20 நிமிடத்துக்கு மேல் போகவில்லை. அதே மாணவிதான் செய்தார். சில அமர்வுகள் கழித்து அவரே தன் தோளைக் காட்டி, "இங்க பாருங்களேன், ஆனா பின்னாடி நிக்க வேணாம்" என்றார். மாணவி பக்கவாட்டில் நின்று வேலை செய்தார்.

சொல்லாமல் பின்னால் போய் நிற்பது

கூடவே கூடாது.

குப்புறப் படுக்க வைத்தே ஆக வேண்டும் என்று நினைப்பது

மேசையில் முகம் வைக்கும் பள்ளத்தில் முகத்தைப் புதைத்தவருக்கு உங்களையும் தெரியாது, கதவையும் தெரியாது. உங்களுக்கும் அவர் முகம் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையணைகளால் அணைகொடுத்தால் முதுகில் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

அழுகையைத் துரத்துவது

அழுகை வந்தால் வரட்டும், வேகத்தைக் குறைத்து, தொடரலாமா என்று கேளுங்கள். அழ வைப்பதே வெற்றி என்று இடுப்பின் ஆழத் தசைகளைக் கிளறும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. சம்பவத்தின் நினைவு தசைக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது, பிழிந்தால் வெளியே வந்துவிடும் என்பதற்கு நிறுவப்பட்ட ஆதாரம் இல்லை. தசையை இறுக்கி வைத்திருப்பது மூளையும் தண்டுவடமும். வலுக்கட்டாயமாக வரவழைத்த அழுகைக்குப் பிறகு வீட்டில் தனியாக இரவைக் கழிக்கப் போகிறவர் அவர்தான்.

கார்டிசால் பற்றிப் பேசுவது

மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோனான கார்டிசாலை மசாஜ் சரசரவென்று இறக்கிவிடும் என்று விளம்பரங்கள் சொல்லும். 2011இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு அந்த விளைவு மிகச் சிறியது, பல அளவீடுகளில் இல்லையென்றே சொல்லலாம் என்று காட்டியது. நச்சு வெளியேறுகிறது என்பதும் அப்படித்தான். சொல்லாதீர்கள்.

மாத்திரைகளைக் கேட்காமல் விடுவது

கெட்ட கனவுகளுக்காகப் பிரசோசின் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது அடிப்படையில் ரத்த அழுத்த மருந்து. படுத்திருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றிக் கீழே விழலாம். செர்ட்ரலின், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் எடுப்பவர்களுக்கு, குறிப்பாக வலி மாத்திரையும் சேர்ந்தால், தோலில் எளிதில் ரத்தம் கட்டலாம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பென்சோடயசெபைன் வகை மாத்திரை எடுத்துவிட்டு வந்தவருக்குத் தூக்கக் கலக்கத்தில் உடல் சொல்வது சரியாகத் தெரியாமல் போகலாம். ‘இன்னும் அழுத்துங்க’ என்று அவர் சொல்வதை அன்றைக்கு நம்பி அழுத்தக் கூடாது.

எழுப்பும்போது அவசரப்படுத்தாமல், முதலில் ஒருக்களித்து, பிறகு கால்களைத் தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள். உடை மாற்ற நீங்கள் வெளியே போகும்போது போகிறேன் என்று சொல்லுங்கள், உள்ளே வரும்முன் தட்டுங்கள், ‘வாங்க’ என்ற குரல் கேட்டபின் கதவைத் திறவுங்கள்.