கண்மாய்த் தண்ணீரைப் பார்த்து அவசரத் தீர்ப்பு சொல்லாதீர்கள்

பங்குனி வெயிலில் கண்மாய் மீன் செத்து மிதந்தால், "காலநிலை மாறிப்போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இருக்கலாம். ஆனால் கழிவுநீர் கலந்தாலும், வயல் உரம் வழிந்து வந்தாலும் மீன் அப்படித்தான் மிதக்கும். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வுதான் இராமநாதபுரம் கரையோரத்துக்குத் தேவை.

பெரிய தவறு, வெளிநாட்டு ஏரிப் பாடத்தை அப்படியே இங்கே போட்டுப் பார்ப்பது. ஏரி ஆய்வுகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு ஆழ ஏரிகளைப் பற்றியவை. அங்கே கோடையில் சூடான மேல்நீர் குளிர்ந்த அடிநீரோடு கலக்காமல் நிற்கும். அடியில் ஆக்சிஜன் குறையும். நம் கண்மாயின் ஆழம் எவ்வளவு? காற்றடித்தாலே அடிவரை கலங்கிவிடும். அதுபோக, ஐப்பசி கார்த்திகையில் பெருகிக் கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரிக்கு அந்தப் பாடத்தில் இடமே இல்லை. காய்ந்த வண்டல் மறுபடி நனையும்போது மணிச்சத்தை (பாஸ்பரஸை) தண்ணீரில் விடும், பாசி கொழுக்கும். ஏரி காய்ந்து கிடக்கும் காலம் நீண்டால் இது கூடுமா, குறையுமா? நம் மண்ணில் அளந்தால்தான் தெரியும்.

எப்போது அளப்பது என்பதிலும் கோட்டை விடுகிறோம். 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். ஆனால் பாசி பகலில் ஆக்சிஜனை விட்டு, இரவில் தானும் இழுத்துக்கொள்ளும். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய் பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் பிரமாதமாகத் தெரியும். மீன் வாய் பிளப்பது விடியற்காலையில்.

அப்புறம் உப்பு. கண்மாய்த் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் பாதியானால், ஒரு கல் உப்பு புதிதாகச் சேராமலே உவர்ப்பு இரட்டிப்பாகும். எனவே நீர்மட்டம் குறிக்காத உப்புக் கணக்கை நான் நம்புவதில்லை. வைகைத் தண்ணீர் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்த ஆண்டையும் வராத ஆண்டையும் பக்கத்தில் வைத்து, "கடல் ஏறுகிறது" என்பது வீண் பேச்சு.

செயற்கைக்கோள் படம் பாசியையும் கலங்கலையும் காட்டும். கண்மாய் பெருகும் மாதங்களில் மேகம் மறைத்துவிடும்.

நம் மாவட்டத்துப் பறவைச் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலுக்கு வந்தன. பறவை நிறைய வந்தால் தண்ணீர் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. பறவை எச்சமே நீருக்கு உரம். எந்த ஆண்டு மீன் செத்தது, அன்று மடையில் எத்தனை அடி நின்றது என்று மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வு ஏட்டில் பெரும்பாலும் அந்தப் பத்தி காலியாகத்தான் இருக்கும்.