வில்லன் வருவதற்கு முன்பே அவனை எழுதுங்கள்: நீண்ட மங்காவுக்கான வழிமுறை

வாரப் பத்திரிகையில் வரும் மங்காவில் (ஜப்பானியப் படக்கதை) ஓர் அத்தியாயம் சுமார் 19 பக்கம். நாயகன், அவன் கூட்டாளிகள், சண்டை, ஊர் எல்லாம் போக வில்லனுக்கு 2 பக்கம் மிஞ்சினால் பெரிது. பல வாரங்களுக்கு அதுவும் கிடையாது. ஆகவே வில்லன் கண்ணில் படாத அத்தியாயங்களிலும் அவன் கை தெரிய வேண்டும். நீண்ட தொடரில் வில்லன் வளர்வதும் தேய்வதும் இதில்தான்.

'ஒன் பீஸ்' மங்காவின் வில்லன் டோஃப்லமிங்கோவை எடுத்துக்கொள்வோம். நாம் முதலில் சந்திப்பது அவனை இல்லை, அவன் கொடியின் கீழ் திரியும் கடற்கொள்ளையன் பெல்லமியை. கனவு காண்பவர்களைக் கேலி செய்யும் பெல்லமியை நாயகன் லூஃபி ஒரே குத்தில் சாய்க்கிறான். பிறகு 2002இல், 233ஆம் அத்தியாயத்தில், டோஃப்லமிங்கோவே வருகிறான். விரல்களை அசைத்தே ஒரு கடற்படை அதிகாரியைச் சக அதிகாரி மீது பாயவைக்கிறான். அடுத்து, தோற்றுப்போன பெல்லமியைத் தண்டிக்கிறான். இன்னும் பின்னால் ஓர் அடிமை ஏலக்கடை வருகிறது, அதுவும் அவனுடையது. அவன் தோற்பது 2015இல், 790ஆம் அத்தியாயத்தில். இடைப்பட்ட 13 ஆண்டுகளில் பெரும்பகுதியும் அவனுக்குக் கிடைத்த பக்கங்கள் மிகக் குறைவு. ஆனால் வந்தபோதெல்லாம் புதிதாக ஒன்று தெரிந்தது.

உங்கள் தொடரிலும் நேரடி மோதலுக்கு முன் குறைந்தது மூன்று தடயங்கள் வையுங்கள்: அவனை நம்பி வாழும் ஓர் ஆள், அவனுக்குக் காசு வரும் ஒரு தொழில், உலகத்தைப் பற்றி அவன் வாய்விட்டுச் சொல்லும் ஒரு கருத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போதும். எந்த அத்தியாயத்தில் எதை வைத்தீர்கள், அதை யார் யார் பார்த்தார்கள் என்று தனி நோட்டில் குறித்துவையுங்கள். 200 அத்தியாயம் தாண்டியபின் ஞாபகத்தை நம்ப முடியாது.

அடுத்தது கொடுமை. ஊரையே எரித்தான் என்று காட்டினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஒரே வீட்டைக் காட்டுங்கள். டோஃப்லமிங்கோ ஆளும் டிரெஸ்ரோசா நாட்டில் அவன் ஆளான ஷுகர் தொட்டால் மனிதர் பொம்மையாவார், அவரைப் பற்றிய நினைவு எல்லார் மனதிலிருந்தும் அழிந்துவிடும். கைரோஸ் அப்படித் தகரச் சிப்பாய் ஆனவன். மனைவி அவன் கையிலேயே உயிரை விடுகிறாள், அந்த உடலின் சூடுகூட அவனுக்குத் தெரியவில்லை. மகளை வளர்க்கிறான், அவளுக்கோ அவன் யாரென்று தெரியாது. இதைப் படித்தவருக்கு டோஃப்லமிங்கோ மேல் வரும் கோபத்தை எந்த வசனமும் தர முடியாது.

இந்தக் கோபம் வந்தபிறகுதான் ஃபிளாஷ்பேக். நாயகன் வென்றபிறகு வில்லனின் அழுகைக் கதையைத் திறந்தால் அது மன்னிப்பு மனுவாகிவிடும். இறுதி மோதலுக்குச் சற்று முன்னால் வையுங்கள், 7 அத்தியாயத்தைத் தாண்டாதீர்கள். அதில் அவன் பட்டதும் இருக்கட்டும், அவனே தேர்ந்தெடுத்ததும் இருக்கட்டும். டோஃப்லமிங்கோவின் குடும்பத்தை ஊர் சுவரில் தொங்கவிட்டு வதைத்தது; அது அவன் பட்டது. மன்னிப்புக் கேட்ட அப்பாவைப் பத்து வயதில் சுட்டான்; அது அவனே தேர்ந்தெடுத்தது. இரண்டாவது இல்லாத ஃபிளாஷ்பேக் வில்லனைக் கரைத்துவிடும்.

பலத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது பழைய பொறி. 'டிராகன் பால்' ஃபிரீசா தன் பலம் 530,000 என்று சொன்னபோது நடுங்கினோம். அதற்குப் பிறகு வந்த எந்த எண்ணுக்கும் அந்த நடுக்கம் இல்லை. 'ஹன்டர் × ஹன்டர்' வில்லன் மெருயெம் இதற்கு நல்ல மாற்று. யாராலும் அடிக்க முடியாத அவனைக் கண் தெரியாத பெண் கொமுகி, குங்கி என்ற சதுரங்கம் போன்ற பலகை விளையாட்டில் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கிறாள். அவன் பந்தயம் கட்டி ஆடச் சொல்ல, தோற்றால் உயிரைத் தருவேன் என்று அவள் அமைதியாகச் சொன்னதும், தன் பணயம் எவ்வளவு மலிவானது என்று உணர்ந்து அவன் தன் கையையே பிய்த்து எறிகிறான். எதில் உங்கள் வில்லன் தோற்பான் என்று யோசியுங்கள், அது சண்டையாக இருக்க வேண்டியதில்லை.

'எல்லாம் என் திட்டம்' என்ற வசனத்தை ஒருமுறைக்கு மேல் செலவழிக்காதீர்கள். 'பிளீச்' வில்லன் ஐசெனின் துரோகம் இன்றும் நிற்கிறது; சுவரில் வாளால் குத்தப்பட்ட அவன் பிணத்தை நாம் முன்பே பார்த்திருந்தோம், கண்ணால் கண்டதையே பொய்யாக்குவதுதான் அவன் வாளின் சக்தி. நாயகன் இசிகோவின் எல்லாச் சண்டைகளும் என் ஏற்பாடு என்று அவன் பின்னால் சொல்லும்போது திரும்பிப் பார்க்க அப்படி ஒரு பக்கமில்லை. பழைய அத்தியாயத்தைப் புரட்டினால் அதற்கு இரண்டாவது அர்த்தம் வரவேண்டும். வராவிட்டால் அந்த வசனத்தை வெட்டுங்கள். 'நருடோ'வின் கடைசி வில்லி ககுயா இன்னும் மோசம். 700 அத்தியாயத் தொடரில் கடைசி 25க்குள்தான் முழு உருவில் வருகிறாள், அவளை வெறுக்க நமக்கு நேரமே இல்லை.

வில்லனை வீழ்த்தும் அத்தியாயத்தின் நேம் (கட்டங்களும் வசனமும் அடங்கிய முதல் கச்சா வரைவு) வரைவதற்கு முன், அவன் போனால் யாருக்கு நஷ்டம் என்று எழுதிப் பாருங்கள். டோஃப்லமிங்கோ விழுந்ததும், அவனிடம் வாங்கிவந்த பெரும் கடற்கொள்ளையன் கைடோவுக்குச் செயற்கைப் பழ (தின்றவருக்குச் சக்தி தரும் பழம்) சரக்கு நின்றுபோனது. அடுத்த பெரிய பகைக்கு வழி அங்கேயே திறந்தது.