கூட்டாகப் பறவை வேட்டைக்குப் போகும்போது யாரை எங்கே நிறுத்துவது

எங்கள் குழுவில் யார் எங்கே நடப்பது, யார் எங்கே நிற்பது என்று சொல்வது என் பொறுப்பு. நன்றாகச் சுடத் தெரிந்தவர்கள் பலர் எங்களோடு வருகிறார்கள். ஆனால் புல்லுக்குள்ளிருந்து ஃபெசன்ட் என்ற கோழி இன வேட்டைப் பறவையின் சேவல் ஒன்று கத்திக்கொண்டே கிளம்பும்போது, பக்கத்து ஆள் எங்கே இருக்கிறார் என்று யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வரிசை. இந்தியாவில் வேட்டை சட்டப்படி குற்றம். உரிமத்தோடு வேட்டைக்கு அனுமதி தரும் நாடுகளில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

புதிதாகக் குழு சேர்ப்பவர்கள் மூன்று பேரோடு தொடங்குங்கள். பக்கம் பக்கமாக ஒரே வரிசையில் நடக்க வேண்டும், ஆளுக்கு ஆள் 20 முதல் 40 கெஜம் இடைவெளி. புல் உயரமாக இருந்தால் நெருங்கி நடங்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் எப்போதும் தெரிய வேண்டும். எல்லோருக்கும் பளீர் ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேல்சட்டையும் கட்டாயம். புல் தோளை மறைத்துவிட்டால் கண்ணில் படுவது தொப்பி மட்டும்தான்.

அடுத்து, அவரவர் சுடும் எல்லை. ஒவ்வொருவருக்கும் நேர் முன்னால் சுமார் 45 பாகை. வாயால் சொன்னால் இது யார் மனதிலும் நிற்பதில்லை, அதனால் வயலில் இறங்கும் முன் செய்தே காட்டச் சொல்வேன். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக் கட்டைவிரல்களை உயர்த்துங்கள். மரத்திலிருந்து பார்வையை எடுக்காமல் கைகளை மெல்ல முன்னால் கொண்டு வாருங்கள். இரண்டு கட்டைவிரலும் ஒருசேரத் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அந்த விரல்களுக்கு நடுவே இருப்பதுதான் உங்கள் பங்கு. அதைத் தாண்டிப் பறக்கும் பறவை, எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும், பக்கத்து ஆளுடையது.

இடக்கைப் பழக்கம் உள்ளவரை நான் வலது ஓரத்தில் விடுவேன். அவருக்குத் துப்பாக்கி வலப்பக்கம்தான் லாகவமாகத் திரும்பும். அந்தப் பக்கம் ஆள் கிடையாது. வலக்கைக்காரருக்கு இதே காரணத்தால் இடது ஓரம் பொருத்தம். முதல் முறை வருபவரை நடுவில் விடவே மாட்டேன். இரண்டு பக்கமும் ஆள் இருக்கும் இடம் அது. அவரை ஓரத்தில் விட்டு, அனுபவசாலி ஒருவரைத் துப்பாக்கி இல்லாமல் கூடவே நடக்கச் சொல்வேன்.

வரிசை கோணினால் இந்த எல்லைகளுக்கு அர்த்தமே இல்லை. ஒருவர் பத்தடி முந்திவிட்டாலே பக்கத்து ஆளின் எல்லைக்குள் வந்துவிடுகிறார். கோணல் பெரும்பாலும் விழுந்த பறவையை எடுக்கப் போகும்போதுதான் வரும். 2006 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்த காடை வேட்டையில், அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி சுட்ட ரவைகள் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) ஹாரி விட்டிங்டன் என்ற 78 வயது வழக்கறிஞரின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்தன. விட்டிங்டன் விழுந்த பறவையைத் தேடப் போயிருந்தார். திரும்பி வந்து மறுபடி சேர்ந்துகொள்ளும் நேரத்தில், கிளம்பிய காடையைத் தொடர்ந்து செனி திரும்பிச் சுட்டார். விட்டிங்டன் உயிர் பிழைத்தார். அனுபவம் உள்ளவர்களுக்கே இது நடந்தது என்பதைப் புதியவர்களிடம் தவறாமல் சொல்வேன்.

எங்கள் வழக்கம் இதுதான். பறவை விழுந்ததும் “நில்” என்று குரல் கொடுப்போம். மொத்த வரிசையும் நிற்கும். சேஃப்டி (விசை அழுந்தாமல் தடுக்கும் பூட்டு) போட்டு, குழல் வானம் பார்த்திருக்கும். ஒருவரோ நாயோ போய் எடுத்து வந்து, பழைய இடத்தில் நின்று “வந்தாச்சு” என்று சொன்ன பிறகுதான் அடுத்த அடி. இடையில் வேறு பறவை கிளம்பினால் போகட்டும்.

தாழப் பறப்பதையும் தரையில் ஓடுவதையும் சுடவே கூடாது. பறவைக்கு அடியில் வானம் தெரிந்தால் மட்டும் துப்பாக்கியைத் தோளில் வையுங்கள். தாழ்ந்த பறவைக்குப் பின்னால் எகிறிப் பாயும் நாயை இந்த ஒரு விதிதான் காப்பாற்றுகிறது.

ஆட்கள் அதிகம் இருந்தால் வயலுக்குள் நடந்து பறவையைக் கிளப்பும் கலைக்கிறவர்கள், வயலின் மறுமுனையில் காத்து நிற்கும் மறிக்கிறவர்கள் என்று பிரிக்கலாம். ஃபெசன்ட் முடிந்தவரை பறக்காது, ஓடும். மறிக்க ஆள் இல்லாவிட்டால் வயலின் மறுமுனைக்கு ஓடி, சுட எட்டாத தூரத்தில் கிளம்பிப் போய்விடும். அதனால் மறிக்கிறவர்கள் முதலில், சத்தமே இல்லாமல், போய் நிற்க வேண்டும். கார்க் கதவை அறைந்து சாத்தினாலே பாதி வயல் காலி. அவர்கள் புதரில் ஒளியக் கூடாது. மறுமுனையின் மூலைகளில், கலைக்கிறவர்கள் கண்ணில் படும்படி, நின்ற இடத்தை விட்டு நகராமல் இருக்க வேண்டும். கலைக்கும் வரிசை காற்றுக்கு எதிராக, நாய்க்கு மோப்பம் கிடைக்கும்படி நடக்கட்டும். வேகம் வேண்டாம். சற்று வளைந்து வளைந்து நடந்து, அவ்வப்போது சட்டென்று நில்லுங்கள். காலடிச் சத்தம் நின்றதும் பதுங்கியிருக்கும் பறவைக்குப் பதற்றம் வரும், கிளம்பிவிடும்.

அபாயம் வயல் முடியும் இடத்தில்தான். ஓடிய பறவைகள் எல்லாம் அங்கே சேர்ந்து ஒரே நேரத்தில் எழும். இரண்டு பக்கமும் துப்பாக்கிகள் எதிரெதிரே இருக்கும். 6ஆம் எண் (ரவையின் பருமனைக் குறிக்கும் எண்) ரவை பறவையை வீழ்த்துவது 40 கெஜம் வரைதான். ஆனால் சிதறிய ரவைகள் 200 கெஜத்துக்கும் மேல் போகும், கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அதனால் மறிக்கிறவர்களுக்கு 100 கெஜம் இருக்கும்போதே நான் கத்திச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு இரண்டு தரப்பும் தலைக்கு மேல் செங்குத்தாகப் போவதை மட்டும் சுடலாம். வரிசையைக் கடந்து பின்னால் போன பறவை போனதுதான், யாரும் திரும்பிச் சுடக் கூடாது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் எவ்வளவு குறி தவறாதவராக இருந்தாலும் எங்களோடு வரமுடியாது.

கடைசிப் பறவை எழுந்த பிறகும் யாரும் அசையக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், ஒவ்வொருவரும் தோட்டாவை எடுத்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகு மறிக்கிறவர்கள் மூலையை விட்டு வரலாம்.