மரம் ஏறத் தெரிந்து டொராண்டோ வருபவர்கள் முதல் வாரமே கேட்க வேண்டிய சம்பளச் சீட்டு

ஒடுகத்தூர், குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து இங்கே வரும் தம்பிகள் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, தென்னை ஏறுன கை இது, மரம் வெட்டுற வேலை கிடைக்குமா?" கிடைக்கும். இங்கே அந்தத் தொழிலுக்கு ஆர்பரிஸ்ட் என்று பெயர், மரியாதையும் உண்டு. சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் அடையாள எண்), வங்கிக் கணக்கு எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஓட்டுநர் உரிமத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், லாரி ஓட்டத் தெரிந்த ஆளைத்தான் கம்பெனிகள் தேடுகின்றன. முதலில் கீழே நின்று கிளை இழுத்து, அதைத் தூளாக்கும் சிப்பர் இயந்திரத்தில் போடும் வேலைதான் தருவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது என் அத்தை மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன், இன்னும் எனக்கு ஆறவில்லை. பத்து வயதில் தளை போட்டுத் தென்னை ஏறியவன். இங்கே ஒரு சின்ன கம்பெனியில், நம் ஆள்தான் நடத்துகிறார், இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தான். வாரக் கடைசியில் கையில் காசு. வரி பிடித்தமில்லை என்று அவனுக்கும் சந்தோஷம். ஐ.எஸ்.ஏ. என்ற சர்வதேச மர வளர்ப்புச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வுக்கு மூன்று வருஷ முழுநேர அனுபவம் வேண்டும், அதற்கு ஆதாரமும் வேண்டும் (நாலு வருஷ தோட்டக்கலை, வனவியல் பட்டம் இருந்தால் ஒரு வருஷம் போதும்). இவன் கடிதம் கேட்கப் போனபோது முதலாளி, "நீ சப் காண்ட்ராக்டர்தானே, என்கிட்ட வேலை பாத்தேன்னு எப்படி எழுதறது?" என்று கேட்டுவிட்டார். சப் காண்ட்ராக்டர் என்றால் பில் எழுதியிருக்க வேண்டும், இவன் ஒரு பில்கூட எழுதியதில்லை. அத்தனை நாள் உழைப்பும் கணக்கில் இல்லாமல் போனது.

அதற்கு முன்பே ஒரு கிளை தோளில் விழுந்து மூன்று வாரம் வீட்டில் கிடந்தான், ஒரு டாலர் வரவில்லை. டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில், வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் வாரியம் டபிள்யூ.எஸ்.ஐ.பி.; முதலாளி அங்கே பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் தொழிலாளி இழப்பீடு கேட்கலாம், 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். எங்களுக்கு அது தெரிந்தபோது கெடு தாண்டியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், முதல் சம்பளத்தோடு சீட்டு கேளுங்கள். கொடுப்பது சட்டப்படி அவர்கள் கடமை. வருஷம் முடிந்ததும், அந்த வருஷச் சம்பளமும் பிடித்தமும் காட்டும் டி4 படிவம் வர வேண்டும். "பாத்துக்கலாம்பா" என்று இழுத்தால் அந்த இடமே வேண்டாம். ஊர்க்காரர், சாதிசனம் என்று பார்த்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அப்புறம் ஊர்ப் பழக்கம் சிலவற்றை விட்டே ஆக வேண்டும். மின்கம்பிக்காகப் புளியமரத்தை மொட்டை அடிக்கிற மாதிரி இங்கே வெட்டினால் அது தொழில் தெரியாதவன் வேலை. கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும், அதைத் தொடாமல் வெளியே வெட்டினால்தான் காயம் மூடும். காலில் இரும்பு முள் கட்டி ஏறுவது முழுதாக வெட்டிச் சாய்க்கும் மரத்தில் மட்டும். டொராண்டோவில் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் குறுக்களவு இருந்தால், சொந்தத் தோட்டத்து மரமானாலும் வெட்ட நகராட்சி அனுமதி வேண்டும். ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகத வண்டு அரித்துப் பட்டுப்போன ஆஷ் மரங்கள் நிறைய நிற்கின்றன, அவை முருங்கை மாதிரி, சொல்லாமல் முறியும். கயிறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த மரங்களில் ஏறாதீர்கள், ஆளை மேலே தூக்கும் வண்டி கேளுங்கள்.

அவன் இப்போது வேறு கம்பெனியில் முதலிலிருந்து மணிக்கணக்கு சேர்க்கிறான். அத்தை அனுப்பிய ஆரணிப் புடவை வந்த அட்டைப் பெட்டியில் ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறான், அடுத்த வருஷம் தேர்வு எழுதுகிறான்.